மூளைக்கு ரத்தம் குறைந்தால் மறதி வருமா? மாத்திரையால் ஏற்ற முடியுமா?

கேள்வி (மார்ச் 2): அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதமாக எதற்கும் பதில் சொல்ல நேரம் எடுக்கிறார். ஸ்கேன் அறிக்கையில் ‘சிறு ரத்தக்குழாய்களில் நாட்பட்ட மாற்றங்கள்’ என்று இருக்கிறது. மூளைக்கு ரத்தம் போதவில்லை, அதனால்தான் மறதி என்கிறார் உறவினர் ஒருவர். அப்படியானால் ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமா?

மார்ச் 2, இரவு 9.50

சரியாகாது. உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோ, உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் 15 சதவீதத்தையும், உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கையும் அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. ஓட்டம் முழுதாக நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். சராசரியாக 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி ரத்தம் வேண்டும். அது 20-க்குக் கீழே போனால் நரம்பணுக்களின் மின்செயல் அடங்கத் தொடங்கும். 10-க்குக் கீழே போனால் அணுக்கள் சாகும். பக்கவாதம் என்பது இதுதான்.

உங்கள் அம்மாவுக்கு நடப்பது இத்தனை வேகமான கதை அல்ல. மூளையின் மேற்பரப்பிலிருந்து உள்ளே ஆழமாக இறங்கும் மெல்லிய தமனிகள் இருக்கின்றன. நீளம் அதிகம், அகலம் குறைவு, பக்கத்துக் குழாயோடு இணைப்பும் அநேகமாகக் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். மூளையின் கடைமடை, உள்ளே இருக்கும் வெண்பொருள். ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைகள் ஓடும் இடம் அது. ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவது அந்த இடத்துச் சேதம்.

மார்ச் 2, இரவு 10.15

விட்டுப்போனது: எம்ஆர்ஐ படத்தில்தான் வெள்ளை. சிடி எடுத்தால் அதே இடம் கறுப்பாகத் தெரியும். இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து யாரும் குழம்ப வேண்டாம். நான் குழம்பியிருக்கிறேன்.

மார்ச் 3, காலை

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவிடம் படித்தேன்.

அவருக்கு 71 வயதானபோது தொடங்கியது. “ஜன்னலைச் சாத்தட்டுமா அப்பா?” என்று கேட்பேன். பதில் வராது. அடுத்த அறைக்குப் போய் வேறு வேலையில் இறங்கியிருப்பேன், அப்போது “சாத்து” என்று குரல் வரும். அம்மா காது மந்தம் என்று முடிவுகட்டினார். காதைச் சோதித்தோம், குறையில்லை. அப்புறம் பிடிவாதம் என்று முடிவுகட்டினோம். ஒரு மருத்துவர், “வயதானால் அப்படித்தான்” என்று சொல்லி அனுப்பினார். ஒன்றரை வருடம் போனது.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தது மறதியை. மறதி அவரிடம் இல்லை. கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களை ஒப்பிப்பார். ஒரு பெயர் சிக்கினால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் போதும், முழுதாக வந்துவிடும். பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர் விளக்கினார். அல்சைமரில் பல சமயம் அந்தச் செய்தி மூளைக்குள் பதிவாகவே இருக்காது, எடுத்துக் கொடுத்தாலும் வராது. சிறு ரத்தக்குழாய் நோயில் பதிவு இருக்கும். அதைப் போய் எடுத்துவரும் பாதைதான் பழுது.

வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டியை அவரே நிரப்புவார். ஒருநாள் பார்த்தேன், திங்கட்கிழமை அறையில் மூன்று நாளைய மாத்திரைகள், செவ்வாயிலிருந்து காலி. ஒவ்வொரு மாத்திரையின் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது, எதற்கு என்பதும் தெரிந்திருந்தது. ஒரு அறையை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும் என்பது மட்டும் கைநழுவியது.

மார்ச் 3, மாலை

தலைகீழாக நின்றால் மூளைக்கு ரத்தம் பாயுமே என்று கேட்டவருக்கு: பாயாது. மூளை தனக்கு வரும் அளவைத் தானே கட்டிக்காக்கிறது. சராசரி ரத்த அழுத்தம் 60-க்கும் 150-க்கும் இடையில் எப்படி ஏறி இறங்கினாலும் குழாய்கள் சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கும் என்பது பழைய பாடப்புத்தகக் கணக்கு. இப்போது அந்த எல்லைகள் அவ்வளவு தாராளமானவை அல்ல என்கிறார்கள், ஆனாலும் அடிப்படை அதுதான். தலைகீழாக நின்றால் முகம் சிவக்கும், கண்ணில் அழுத்தம் ஏறும். 74 வயதில் கூடுதலாக இடுப்பும் உடையும்.

மார்ச் 4

ரத்தக்குழாய் நோயால் மட்டும் டிமென்ஷியா (அன்றாட வாழ்க்கையே தடுமாறும் அளவுக்கு அறிவாற்றல் மங்குவது) வரவே வராது, எல்லாம் அல்சைமர்தான் என்று ஒருவர் அடித்துப் பேசியிருக்கிறார். காடசில் என்றொரு பரம்பரை நோய் உண்டு. நாட்ச்3 என்ற மரபணுவில் பிழை, 1996-இல் கண்டுபிடித்தார்கள். நாற்பது, ஐம்பது வயதிலேயே சிறு தமனிகள் கெட்டு, அடுத்தடுத்துச் சிறு பக்கவாதங்கள் வந்து, யோசனை மந்தமாகி டிமென்ஷியாவில் முடிகிறது. அந்த வயதில் அல்சைமரின் கறை மூளையில் இருப்பது அபூர்வம். குழாய் மட்டும் கெட்டாலே போதும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி வேண்டியதில்லை.

மார்ச் 4, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, ஒரு பழைய கதை.

19ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஆஞ்சலோ மோசோ என்ற உடலியல் அறிஞர் ஆளைப் படுக்கவைக்கும் தராசு ஒன்றைச் செய்தார். நடுவில் முள், இருபக்கமும் சமம். ஆள் அமைதியாகப் படுத்திருந்தால் தராசு நேராக நிற்கும். யோசிக்கச் சொன்னால் தலைப்பக்கம் தாழும், மூளைக்கு ரத்தம் ஏறுகிறது என்று எழுதிவைத்தார். அந்தக் கருவி எதை அளந்தது என்பதில் சண்டை போடலாம். ஆனால் எண்ணம் சரி. 1890-இல் ராய், ஷெரிங்டன் என்ற இருவர், மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு ரத்தம் கூடும் என்று எழுதினார்கள். மூளை வேலை செய்வதைப் படம்பிடிக்கும் இன்றைய செயல்பாட்டு எம்ஆர்ஐ முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

அப்பாவைத் தராசில் படுக்கவைத்து, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டிருந்தால் தலைப்பக்கம் எப்போது தாழ்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் அடுத்த அறைக்குப் போன பிறகு.

மார்ச் 5

கடைமடை உவமையை நானே திருத்திக்கொள்கிறேன். ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அணையில் அதிகமாகத் திறந்துவிடுவதுதானே வழி? அப்படியானால் மாத்திரை ஏன் உதவாது?

தவறு என் உவமையில். மூளையில் ஒவ்வொரு வயலுக்கும் சொந்த மதகு உண்டு. எந்த வயலுக்குத் தேவையோ அதன் மதகு விநாடிக் கணக்கில் தானே திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். மோசோவும் ராயும் ஷெரிங்டனும் பார்த்தது இந்த மதகுகளின் வேலையைத்தான். பல வருட ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் புகையும் சேர்ந்து செய்வது, குழாயின் சுவரைத் தடிக்கவைத்து மதகைத் துருப்பிடிக்க வைப்பது. ஓய்வில் இருக்கும்போது ஓட்டம் கொஞ்சம்தான் குறைந்திருக்கும். கேட்டபோது கூட்டித் தர முடியாமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

பொதுவாகக் குழாய்களை விரிக்கும் மாத்திரை என்ன செய்யும்? துருப்பிடிக்காத மதகுகள் எல்லாம் திறந்துகொள்ளும். துருப்பிடித்தது அப்படியே நிற்கும். மொத்த அழுத்தம் இறங்கும். கடைமடைக்கு முன்பு வந்ததும் வராமல் போகலாம்.

மார்ச் 5, மாலை

கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ஜின்கோ மாத்திரை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 75 வயதைக் கடந்த 3,069 பேருக்கு நாளைக்கு இருமுறை 120 மில்லிகிராம் வீதம் சுமார் ஆறு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வந்தது. டிமென்ஷியா வருவது குறையவில்லை.

ஆஸ்பிரின்? பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களுக்கு அது தேவைப்படும், அதை நிறுத்திவிடாதீர்கள். ஆரோக்கியமாக இருக்கும் முதியவர்கள் 19,114 பேரிடம் சோதித்தபோது (2018) டிமென்ஷியா குறையவில்லை, ரத்தக்கசிவு கூடியது.

நானும் ஜின்கோ வாங்கியிருக்கிறேன். நான்கு மாதம். வேலை செய்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன்.

மார்ச் 7

‘உறவினர் சொன்னதில் பாதி உண்மை’ என்று அன்று அலட்சியமாக எழுதியது உறுத்துகிறது. அவர் சொன்னதை ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். முதுமையில் புத்தி தடுமாறினால் ‘தமனி தடித்துவிட்டது, மூளைக்கு ரத்தம் போகவில்லை’ என்பதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழக்கமான விளக்கம். அல்சைமர் என்ற பெயர் இளவயதில் வரும் அபூர்வ நோய்க்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. பிறகு இறந்தவர்களின் மூளையைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது பலரிடம் இருந்தது அல்சைமரின் படிவுகள். 1974-இல் நரம்பியல் மருத்துவர் ஹாச்சின்ஸ்கியும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாட்பட்ட ரத்தப் பட்டினியால் மூளை மெல்ல வாடுகிறது என்ற எண்ணம் தவறு, ரத்தக்குழாய் வழியாக டிமென்ஷியா வருவதென்றால் சிறிதும் பெரிதுமான பல அடைப்புகளின் கூட்டு விளைவாகத்தான் வரும் என்றார்கள்.

அதற்குப் பின் ஊசல் முழுவதும் அமிலாய்டு, அதாவது அல்சைமரில் மூளையில் படியும் புரதத்தின் பக்கம் போனது. இப்போது பாதி வழி திரும்பியிருக்கிறது. சொல்லப்போனால் அலோய்ஸ் அல்சைமரே 1890-களில் தமனி தடிப்பால் வரும் மூளைத் தேய்வைப் பற்றி எழுதியவர். அவருடைய பேராசிரியத் தோழர்களில் ஒருவரான ஓட்டோ பின்ஸ்வாங்கர் 1894-இல் வர்ணித்த வெண்பொருள் நோய்தான் அப்பாவின் கோப்பில் இருக்கிறது.

மார்ச் 7, பின்னர்

‘பேராசிரியத் தோழர்’ என்று எழுதியது என் கைச்சரக்கு. அதே காலத்து ஜெர்மன் மொழி மருத்துவ உலகைச் சேர்ந்தவர் என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

மார்ச் 9

இன்னொரு திருத்தம், இது பெரியது. அல்சைமர் வேறு, ரத்தக்குழாய் நோய் வேறு என்பதுபோல மூன்றாம் தேதி எழுதிவிட்டேன். படிக்கும்போது அப்படி இரண்டு பெட்டியாக இருக்கிறது, மூளைக்குள் அப்படி இல்லை. வயதானவர்களிடம் பெரும்பாலும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

கன்னியாஸ்திரிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. இறந்த பிறகு மூளையைத் தானமாகக் கொடுத்தார்கள். 1997-இல் வெளியான முடிவில் அல்சைமரின் சேதம் போதுமான அளவுக்கு மூளையில் இருந்தவர்கள் 61 பேர். அவர்களில் மூளையின் ஆழத்தில் ஓரிரு சிறு அடைப்புகளும் சேர்ந்து இருந்தவர்களிடம் டிமென்ஷியா மிக அதிகம். அடைப்பு இல்லாதவர்களில் பலர் அதே அல்சைமர் சேதத்தைச் சுமந்துகொண்டே தெளிவாக வாழ்ந்து முடித்திருந்தார்கள். நான் இந்த இடத்தை மூன்று முறை படித்தேன். அடைப்பு என்பது மிளகு அளவு ஓட்டை. ஒன்றிரண்டு போதுமானதாக இருந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் நடக்கிறது. அமிலாய்டு படிவு, நுண்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கும் பெரிசைட் என்ற அணுக்களை இறுக வைக்கிறது, குழாய் நெரிபடுகிறது என்று 2019-இல் லண்டன் ஆய்வாளர்கள் மனிதத் திசுவிலேயே காட்டினார்கள். நெரிபட்டால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் அமிலாய்டு உற்பத்தி கூடும், கழுவி வெளியேற்றுவது குறையும். எது முதலில் என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் ஆய்வகங்களில் சண்டை நடக்கிறது.

அதே ஆண்டு எலிகளில் செய்த இன்னொரு வேலை எனக்குப் பிடித்தமானது. அல்சைமர் எலிகளின் மூளையில் ஏறத்தாழ 2 சதவீத நுண்குழாய்களை வெள்ளணுக்கள் ஒட்டிக்கொண்டு அடைத்திருந்தன. வெறும் 2 சதவீதம். ஒரு எதிர்ப்புப் புரதம் கொடுத்து அவற்றை விடுவித்ததும் ஓட்டம் உடனே கூடியது, சில மணி நேரத்தில் எலிகள் நினைவுச் சோதனையில் தேறின. எலிக்கு வேலை செய்தது ஆளுக்கு வேலை செய்யாமல் போன பட்டியல் இந்தத் துறையில் மிக நீளம், ஆகவே மருந்தின் பெயரைத் தேடி யாரும் அலைய வேண்டாம்.

மார்ச் 10

எதுவுமே உதவாது என்று சொல்கிறீர்களா என்று கேள்வி கேட்டவரே கோபமாக எழுதியிருக்கிறார். நியாயம். எட்டு நாளாக எது உதவாது என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ரத்த அழுத்தம். 50 வயதைக் கடந்த 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மேல் அழுத்தம் 120-க்குக் கீழ், மறு பிரிவுக்கு 140-க்குக் கீழ் என்று மருந்து கொடுத்தார்கள். 2019 முடிவின்படி, டிமென்ஷியாவுக்கு முந்தைய லேசான அறிவாற்றல் குறைவு முதல் பிரிவில் 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவும் குறைந்ததுபோல் தெரிந்தது, ஆனால் தற்செயல் அல்ல என்று சொல்லும் அளவுக்கு உறுதியாக இல்லை. வெள்ளைத் திட்டுகள் வளர்வதும் மெதுவானது.

அடுத்தது, உங்கள் உறவினரிடம் படித்துக் காட்ட வேண்டியது. அழுத்தத்தைக் குறைத்தால் மூளைக்கு ரத்தம் இன்னும் குறைந்துவிடாதா என்று எல்லோரும் பயந்தார்கள். அளந்து பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். அழுத்தத்தை நன்றாகக் குறைத்த பிரிவில் மூளையின் ரத்த ஓட்டம் கூடியிருந்தது.

இதோடு சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடலசைவு இல்லாமை. இதயம் தாறுமாறாகத் துடித்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. உடற்பயிற்சியை எல்லோரும் ஓதுகிறார்கள், எனக்கு அலுத்துவிட்டது, ஆனால் மதகைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்க அதைவிட மலிவான வழி இல்லை.

முன்பே செத்த இழைகள் திரும்பி வராது. இத்தனையும் மேற்கொண்டு சேதம் ஆகாமல் பார்ப்பதற்குத்தான்.

மார்ச் 12

நேற்று எழுதியதைப் படித்து யாராவது 85 வயது ஆளுக்கு மாத்திரையைக் கூட்டிவிடுவார்களோ என்று பயம். நான் செய்த தவறு அது. 120 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு மருத்துவரை நச்சரித்தேன். அப்பாவின் எண் அழகாக இறங்கியது. ஒரு காலை கட்டிலிலிருந்து எழுந்தவர், கதவுவரை வந்து மடிந்து விழுந்தார்.

உட்காரவைத்து அளந்தால் 122. யாரும் நிற்கவைத்து அளக்கவே இல்லை. படுக்கையில் 134 இருந்தது, நின்று மூன்றாவது நிமிடம் 98. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே அதை எழுந்தால் இறங்கும் அழுத்தம் என்பார்கள். இவருக்கு 36. சராசரி எண் அழகாக இருக்கும்போதே, ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் கடைமடை காய்ந்திருக்கிறது. இந்த இறக்கம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா அபாயமும் சற்று அதிகம் என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன.

மருந்து அளவைக் குறைத்தார்கள், ஒன்றை வேறு நேரத்துக்கு மாற்றினார்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னார்கள். அப்பா அந்த ஒரு நிமிடத்தைக் கடைப்பிடிக்கும் ஒழுங்கைப் பார்த்தால் இவரைப் போய்ப் பிடிவாதக்காரர் என்றோமே என்று இருக்கும்.

மார்ச் 12

(‘நேற்று’ அல்ல, முந்தாநாள்.)

மார்ச் 15

கடிகாரம் வரையும் சோதனை பற்றிக் கேட்டவருக்கு. வட்டம் போட்டு எண்களை எழுதி, பதினொன்றைத் தாண்டிப் பத்து நிமிடம் என்று முள் வைக்கச் சொல்வார்கள். வெறும் நினைவை மட்டும் கேட்கும் சோதனைகளில் அப்பா நன்றாகவே தேறிவிட்டார். இதில்தான் பிடிபட்டார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலது பாதியிலேயே எழுதி முடித்துவிட்டு, காலியாகக் கிடந்த இடது பாதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்தப் பக்கம் மணியே அடிக்காது போலிருக்கிறது” என்று சொல்லி அவரே முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடையையும் கவனியுங்கள். சிறு சிறு எட்டு, திரும்பும்போதும் வாசலிலும் கால் தரையில் ஒட்டிக்கொள்வது, அவசரமாகச் சிறுநீர் வருவது, எதிலும் ஆர்வம் அற்றுப்போவது. இவை எல்லாம் ஒரே வெண்பொருளின் வேலையாக இருக்கலாம். வேறு நோயாகவும் இருக்கலாம்: பி12 குறைவு, தைராய்டு, மண்டைக்குள் மெல்லத் தேங்கிய ரத்தம், மூளைநீர்த் தேக்கம். இவற்றில் சிலவற்றுக்கு நல்ல வைத்தியம் இருப்பதால் முதலில் இவற்றைத் தள்ளிவிட வேண்டும்.

மார்ச் 19

இப்போது கேட்டுவிட்டு எண்ணுகிறேன், மனதுக்குள். முன்பு நான்கில் பொறுமை போய்விடும். இன்று காலை சட்டைக்கு நீலமா வெள்ளையா என்று கேட்டேன். பதினொன்றில் பதில் வந்தது, நீலம், காரணத்தோடு. வெள்ளைச் சட்டையில் மூன்றாவது பொத்தான் தளர்ந்திருக்கிறதாம். போய்ப் பார்த்தேன், தளர்ந்துதான் இருந்தது.

மார்ச் 21

கேள்வி கேட்டவருக்கு: அம்மாவுக்குப் படுக்கையில் 148, நின்று மூன்றாம் நிமிடம் 121 என்று எழுதியிருக்கிறீர்கள். இறக்கம் 27. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னும் நான்கு நாள் காலையிலும் மாலையிலும் இப்படியே அளந்து, நேரத்தோடு தாளில் எழுதி, எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் அறிக்கை மட்டும் போதாது, படத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அடுத்த படத்தை எதோடு வைத்துப் பார்ப்பது?